கையால் சேர்த்தது

மதுரையில் ஒரு மருத்துவமனை. முதல் மாடியின் கோடியில் சர்வர் அறை. ஞாயிறு அதிகாலை ஒன்றரை மணி. "பேசாம உக்காந்திருக்கறதா இருந்தா வாங்க" என்று சொல்லித்தான் சர்வர்களைக் கவனித்துக்கொள்ளும் அந்த அம்மா என்னை உள்ளே விட்டார். பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஏசி குளிருக்கு ஸ்வெட்டரின் மேல் துப்பட்டாவைச் சுற்றியிருந்தார். பக்கத்தில், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான பையன்.

சர்வரை ரீபூட் செய்வது வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய வேலைதான். ஆனால் சர்வர் பாதியில் நின்றுபோனால் வீட்டில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் மானிட்டரையும் கீபோர்டையும் நேரே சர்வரில் செருகி வைத்திருந்தார்.

திரையில் நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே ஒரு வரி: சிஸ்டத்தை மறுபடி தொடங்க வேண்டும். உபுண்டு 22.04. சிஸ்டத்தின் மையமான கெர்னலின் புதிய பதிப்பு வியாழக்கிழமையே டிஸ்கில் வந்து இறங்கிவிட்டது. ஓடிக்கொண்டிருப்பது பழையது, 61 நாளாக.

"அதான் அப்டேட் பண்ணியாச்சே மேடம்?" என்றான் பையன்.

"மருந்து வாங்கி அலமாரியில வச்சிருக்கோம் தம்பி. இன்னும் குடிக்கல."

எனக்கு 'டர்ட்டி கவ்' ஞாபகம் வந்தது. 2007இல் கெர்னலுக்குள் புகுந்த ஓட்டை, 2016 அக்டோபரில்தான் அடைபட்டது. சாதாரணப் பயனர் ஒருவர் அதன் வழியே முழு அதிகாரமும் பெற்றுவிடலாம். திருத்தத்தை இறக்கி வைத்துவிட்டு ரீபூட் செய்யாமல் விட்ட சர்வர்களில் ஓட்டை திறந்தேதான் கிடந்தது.

அவர் அவசரப்படவில்லை. 'பூட்' பகுதியில் இடம் இருக்கிறதா என்று பார்த்தார். அது நிறைந்துபோயிருந்தால், தொடக்கத்தில் கெர்னலுக்குத் தேவையான கோப்பு அரைகுறையாக எழுதப்பட்டிருக்கும். ரீபூட் ஆனதும் டிஸ்கையே கண்டுபிடிக்கத் தெரியாமல் கெர்னல் விழுந்து கிடக்கும். பழைய கோப்பையும் புதியதையும் அடுத்தடுத்து வைத்து அளவு பார்த்தார். ஏறக்குறைய ஒரே அளவு. பழைய கெர்னலை அழிக்கவில்லை. புதியது வம்பு செய்தால் தொடக்கத்தில் வரும் கிரப் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்துத் திரும்பிவிடலாம். பேக்கப்பை வேறொரு கணினியில் திறந்து, நேற்றைய ஒரு நோயாளியின் பதிவு வருகிறதா என்றும் பார்த்துவிட்டார்.

பிறகு மேசையில் இருந்த அட்டை போட்ட நோட்டை எடுத்தார். கடைசியாக ரீபூட் செய்த நாளிலிருந்து இந்த சர்வரில் கையால் செய்ததெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுத் தொட்டுத் திரையோடு ஒப்பிட்டார். இதில்தான் நெடுநேரம் போனது. எந்த நெட்வொர்க்குக்கு எந்த வழி என்று சொல்லும் ரூட் டேபிள் வந்ததும் விரல் நின்றது.

லேப்பில் இருக்கும் ரத்தப் பரிசோதனை எந்திரம் வேறு நெட்வொர்க்கில் இருக்கிறது. அதற்குப் போகும் வழி மெமரியில் இருந்தது. கோப்பில் இல்லை. நோட்டிலும் இல்லை. ரீபூட் ஆனால் போய்விடும்.

பையன் எச்சில் விழுங்கினான். "நான்தான் மேடம். போன மாசம் ராத்திரி லேப்ல இருந்து போன் வந்துச்சு. அப்பறமா சேவ் பண்ணலாம்னு..."

அவர் திட்டவில்லை. நோட்டை அவன் பக்கம் தள்ளினார். "எழுது. என்னிக்கு, என்ன, எதுக்கு." அவன் எழுதினான். நெட்வொர்க் அமைப்பு இருக்கும் நெட்பிளான் கோப்பிலும் அவனையே சேர்க்கச் சொன்னார். சோதனை ஓட்டம்: 120 விநாடிக்குள் சரி என்று அழுத்தாவிட்டால் பழையபடி ஆகிவிடும். அவன் அழுத்தினான். கை கொஞ்சம் நடுங்கியது.

2.10க்கு வார்டுகளுக்குப் போன் போட்டார். ஷட்டவுனுக்கு முன் திரையில் போகும் அறிவிப்பு சர்வருக்குள் நேரடியாக நுழைந்தவர்களுக்குத்தான் தெரியும். வார்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது. "சிஸ்டர், இன்னும் பத்து நிமிஷத்துல கம்ப்யூட்டர் நிக்கும். பேப்பர்ல எழுதி வச்சுக்கங்க." பத்து நிமிடத்துக்கு ஷட்டவுன் போட்டார்.

ஆறாவது நிமிடம் அவசரப் பிரிவிலிருந்து போன். "மேடம், ஆக்சிடென்ட் கேஸ் ஒண்ணு. பிளட் ரிப்போர்ட் இப்பத்தான் ஓடுது."

"வரட்டும் சிஸ்டர்." உடனே ஷட்டவுனை ரத்து செய்தார். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அந்த இருபத்தைந்து நிமிடமும் யாரும் பேசவில்லை. எனக்கு அந்த இரவில் மிகவும் பிடித்தது அந்தக் காத்திருப்புதான்.

ரிப்போர்ட் வந்ததாகத் தகவல் வந்தபின் முதலில் அப்ளிகேஷனை நிறுத்தினார், அடுத்து டேட்டாபேஸை. லேப்டாப் வழியாக சர்வருக்குள் நுழைந்து ரீபூட் கட்டளை அடித்ததும், இது எந்த சர்வர், பெயரை அடி என்று கேட்டது. டெபியன், உபுண்டுக்காரர்கள் 'மோலி கார்ட்' என்று ஒன்றை நிறுவிக்கொள்வார்கள். தப்பான ஜன்னலில் அடித்துவிடாமல் இருக்க. வாய்க்குள் சொல்லிக்கொண்டே பெயரை எழுத்து எழுத்தாக அடித்தார்.

ஏதோ ஒரு சேவை நிற்க மறுத்தது. திரையில் விநாடிகள் ஏறின; வரம்பு 90. பையன் கை பவர் பட்டன் பக்கம் போனது. அவர் திரும்பிப் பார்க்காமலே உள்ளங்கையைக் காட்டினார். எழுபதை நெருங்கும்போது அது தானே நின்றது.

திரை கறுத்தது. சர்வரிடம் லேப்டாப் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த பிங்குக்குப் பதில் நின்றது. மின்விசிறிகள் ஒரே மூச்சாக இரைந்தன. சர்வர் தன் மெமரியை எண்ணிப் பார்க்க நிமிடக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதுவரை பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அவர் துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

கிரப் மெனு தோன்றி மறைந்தது. வெள்ளை வரிகள் மேலே ஓடின. பிங் பதில் வந்தது.

"வந்துருச்சு மேடம்!"

"உயிர் இருக்கு. வேலை செய்யுதான்னு பார்ப்போம்."

கெர்னல் எண்: புதியது. தோற்ற சேவைகள்: 0. டேட்டாபேஸ் ஓடுகிறது. ரூட் டேபிளைப் பார்க்க அவர் பையனை விட்டார். அந்த வரி இருந்தது. ஆனாலும் லேப்புக்குப் போன் செய்யச் சொன்னார்.

"அண்ணே, ஒரு சாம்பிள் ஓட்டிப் பாருங்க."

கொஞ்ச நேரத்தில் முடிவு திரையில் வந்து விழுந்தது. பிறகுதான் வார்டுகளுக்குப் போன். எழுதி வைத்த தாள்களை சிஸ்டர்கள் ஏற்றத் தொடங்கியிருப்பார்கள்.

மணி 3.20. அவர் நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பிப் பையனிடம் கொடுத்தார். அவன் தலைப்பில் தேதி எழுதி, கீழே அடிக்கோடு போட்டான்.