ரிஞ்சானிக்கு மூட்டை கட்டுமுன்



இந்தோனேஷியாவின் லொம்போக் தீவை ‘ஆயிரம் பள்ளிவாசல்களின் தீவு’ என்று அழைப்பர். அத்தீவின் வடபகுதியில் 3,726 மீட்டர் உயரத்தில் ஓங்கி நிற்கிறது ரிஞ்சானி எரிமலை. 1257-ஆம் ஆண்டு இங்கு நிகழ்ந்த ஸமாலஸ் வெடிப்பு, மலையின் நடுவே பெரும்பள்ளம் ஒன்றைக் குடைந்து சென்றது. அப்பள்ளத்தில் இன்று செகாரா அனாக் ஏரி ததும்புகிறது. ஏரியின் ஓரத்தில் பாருஜாரி என்னும் இளைய எரிமலை தலைநீட்டுகிறது. 1997 முதல் இம்மலை தேசியப் பூங்காவாக விளங்குகிறது. வல்லோன் அல்லாஹ்வின் படைப்பாற்றலைக் கண்டு வியக்க விரும்புவோருக்கு ஏற்ற இடம். ஆயினும், ஆயத்தமின்றி ஏறத் தகுந்த இடமன்று.

முதலில் காலம். ஜனவரி முதல் மார்ச் வரை மழையை முன்னிட்டு மலைவழிகள் மூடப்படுவது வழக்கம். மே முதல் செப்டம்பர் வரையுள்ள வறண்ட மாதங்களே உகந்தவை. நாளொன்றுக்கு இத்தனை பேர் என்னும் வரம்பு உண்டாதலால், அனுமதியை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும்.

அடுத்து வழி. வழக்கமான பயணம் மூன்று பகல், இரண்டு இரவு. முதல் நாள் செம்பாலுன் கிராமத்திலிருந்து புல்வெளிகளைக் கடந்து, ஏறத்தாழ 2,640 மீட்டர் உயரத்திலுள்ள பள்ளத்தின் விளிம்பில் கூடாரம் அடிப்பர். நள்ளிரவு கடந்து இரண்டு மணியளவில் உச்சிக்குப் புறப்பாடு. திரும்பியபின் ஏரிக்கு இறங்கி, எதிர்ப்புற விளிம்பில் ஏறித் தங்குவர். மூன்றாம் நாள் செனாரு கிராமத்துக்கு ஏறத்தாழ 2,000 மீட்டர் இறக்கம். முழங்கால்களைச் சோதிப்பது இதுவே. புறப்படுவதற்கு இரு மாதங்கள் முன்பே, சுமையுடன் படியேறி இறங்கிப் பழகுவது நல்லது. வெப்பநாட்டு மலைதானே என்று எண்ணிவிடலாகாது. இரவில் விளிம்பில் கடுங்குளிர் வாட்டும்; கம்பளி உடையும் தலைவிளக்கும் இன்றியமையாதவை.

மூட்டையில் தொழுகைக்கும் இடம் ஒதுக்குங்கள். பயணி என்ற முறையில் கஸ்ரு செய்து தொழலாம். ஷாஃபிஈ மத்ஹபினருக்கு ஜம்உ செய்யவும் அனுமதியுண்டு. ஹனஃபிகள் அந்தந்த வக்திலேயே தொழுதுகொள்வர். குடிநீரே குறைவாக உள்ள இடங்களில் தயம்மும் கைகொடுக்கும். ஷாஃபிஈகளுக்குப் புழுதியுள்ள மண் தேவை. எரிமலைக் கற்சரிவில் அது கிட்டுவது அரிது. ஆகவே தூய மண்ணைச் சிறு பையில் எடுத்துச் செல்லுங்கள். உளூவுடன் தோல் காலுறை அணிந்தால், பயணிக்கு மூன்று பகல் மூன்று இரவு அதன்மீது மஸஹ் செய்யலாம். இந்த மலைப்பயணத்துக்கெனவே அளந்து வைத்தாற்போன்ற சலுகை! கிப்லா, நம் தமிழகத்தில் போன்றே, மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது.

உச்சிக்கு ஏறும்போதே சுபுஹு நேரம் வந்துவிடும். கால் வைத்தால் வழுக்கும் கடைசிச் சரிவில் தொழ இடம் தேடுவதினும், அதற்கு முன்னரே எங்கு நின்று தொழுவதென வழிகாட்டியிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். சுபுஹைத் தவறவிட்டுச் சூரியோதயத்தைக் காண்பதில் என்ன பேறு இருக்கிறது?

இனி, அனைத்தினும் முதன்மையானது. பயணத்தில் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்வது நம் மார்க்கம் கற்றுத்தந்த ஒழுங்கு. “போதும், திரும்புவோம்” என்று சொல்லும் உரிமையை அவருக்கு மலையடிவாரத்திலேயே வழங்கிவிடுங்கள். குழுவில் மிகத் தளர்ந்தவரின் நடையே குழுவின் நடையாகட்டும். எவரையும் தனியே பின்னால் விட்டுச் செல்ல வேண்டாம். 2025 ஜூனில் உச்சிவழியில் தவறி விழுந்த வெளிநாட்டுப் பயணி ஒருவர், சில நாட்களுக்குப் பின் உயிரற்றவராகவே மீட்கப்பட்டார். 2018 ஜூலை 29-ல் நிகழ்ந்த பூகம்பத்தில் மலைவழிகள் சரிந்து, நூற்றுக்கணக்கானோர் மேலேயே சிக்கிக்கொண்டனர். எனவே ஒரு நாள் உணவு மிகுதியாக இருக்கட்டும்; ஊர் திரும்பும் விமானத்துக்கும் ஓரிரு நாள் இடைவெளி இருக்கட்டும். உச்சியை அடைவது பர்ளன்று, உயிர் அமானிதம்.

மற்றோர் அமானிதமும் உண்டு. கூடாரத்தையும் அரிசியையும் மூங்கில் காவடியில் சுமந்து, செருப்புக்காலுடன் நமக்கு முன்னே ஏறுகின்றனர் சாசாக் இனச் சுமையாளர்கள். அவர்களுள் பெரும்பாலோர் நம் தீன்வழிச் சகோதரர்கள். நாம் தேவையின்றிச் சேர்க்கும் ஒவ்வொரு கிலோவும் அவர்களின் தோளில்தான் ஏறுகிறது. அவர்களுக்குரிய கூலி எவ்வளவு, இரவில் போர்வையும் கூடாரமும் உண்டா என்பதைப் பயணம் பேசும்போதே கேட்டுத் தெளியுங்கள். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கப் போதித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தல்லவா நாம்! குப்பையை மலையில் எறியாமல் கீழே கொண்டுவருவதும் அப்போதனைகளைச் சார்ந்ததே.

குடும்பத்தாருடன் செல்வோர் உச்சியை விடுத்து, விளிம்பில் ஓரிரவு தங்கித் திரும்பினாலும் ஏரியின் எழில் கண்ணுக்கு நிறைவாகும்.

முயற்சியை நாம் முழுமையாகச் செய்வோம். முடிவை அல்லாஹ்விடம் ஒப்படைப்போம். செல்வோர் அனைவரையும் அவன் நலமுடன் இல்லம் சேர்ப்பானாக! ஆமீன்.