ஹாரி கிம்முக்கு எப்போது ப்ரமோஷன்?

ஸ்டார் ட்ரெக் ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால் எப்படியும் பேச்சு இங்கே வந்து நிற்கும். ‘வாயேஜர்’ தொடரின் ஹாரி கிம், 1995 ஜனவரியில் முதல் எபிசோடில் கப்பலில் ஏறும்போது என்சைன். அதிகாரிகளில் கடைசிப் படி அதுதான். 2001 மே மாதம் கடைசி எபிசோடில் கப்பல் பூமிக்கு வந்து சேரும்போதும் என்சைன். நடுவில் ஏழு சீசன், 172 எபிசோடு ஓடிவிட்டது. இடையில் ஒருமுறை செத்தே போனான், பாவம். அப்போதும் ப்ரமோஷன் வரவில்லை.

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் இந்த ஜோக்குக்குப் பின்னால் ஒரு நிஜமான எரிச்சல் இருக்கிறது. தொடரைப் பிடிக்காதவர்களுக்கு இந்த எரிச்சல் வருவதில்லை, ஏழு சீசனையும் விடாமல் பார்த்தவர்களுக்குத்தான் வருகிறது.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கதை சுருக்கமாக. வாயேஜர் என்ற கப்பல் பூமியிலிருந்து சுமார் 70,000 ஒளியாண்டு தூரத்தில் போய் மாட்டிக்கொள்கிறது. திரும்பி வர 75 வருஷம் ஆகும். அதே இடத்தில் மாட்டிக்கொண்ட இன்னொரு கூட்டம், மாக்கீ என்ற கலகக்காரர்கள். வாயேஜர் பிடிக்கப் போனதே அவர்களைத்தான். இப்போது வேறு வழியில்லாமல் இரண்டு கூட்டமும் ஒரே கப்பலில் பயணம் செய்தாக வேண்டும். உதிரி பாகம் கிடையாது, உதவிக்கு யாரும் வரமாட்டார்கள், வீட்டுக்குத் தகவல் சொல்லவும் வழியில்லை.

எப்பேர்ப்பட்ட ஆரம்பம்! இப்படி ஒரு நிலைமையில் மனிதர்கள் மாறாமல் இருக்கவே முடியாது. சண்டை வரும், காதல் வரும், சிலருக்குப் பைத்தியம் பிடிக்கும், சிலர் தலைவர்கள் ஆவார்கள். ஆனால் முதல் எபிசோடு முடிவதற்குள்ளேயே மாக்கீக்காரர்கள் எல்லாரும் ஸ்டார்ஃப்ளீட் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களின் தலைவன் சகோட்டே, கேப்டன் ஜேன்வேக்கு அடுத்த அதிகாரி. முதல் சீசனில் அங்கங்கே கொஞ்சம் முணுமுணுப்பு, அவ்வளவுதான். பிறகு யார் மாக்கீ, யார் ஸ்டார்ஃப்ளீட் என்பதே பல எபிசோடுகளில் நினைவுக்கு வராது.

முதல் சீசனிலேயே ‘தி க்ளவுட்’ என்ற எபிசோடில், கப்பலில் 38 டார்பிடோ இருக்கிறது, தீர்ந்தால் வேறு கிடையாது என்று தெளிவாகச் சொல்கிறார்கள். அதன் பிறகு சுட்டதை ரசிகர்கள் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். 38 எப்போதோ தாண்டிவிட்டது! டார்பிடோ கணக்கு தப்பினால்கூடப் பரவாயில்லை, சயின்ஸ் ஃபிக்‌ஷனில் இதெல்லாம் சகஜம். மனிதர்களின் கணக்கும் அதே மாதிரி தப்பியதுதான் பிரச்சினை.

‘டெட்லாக்’ எபிசோடை (1996) எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விபத்தில் கப்பல் இரண்டாகிறது. பாதி பாதியாக உடையவில்லை, அச்சு அசலாக இரண்டு கப்பல், இரண்டிலும் அதே ஆட்கள். ஒரு கப்பலில் ஹாரி வெளியே இழுக்கப்பட்டுச் சாகிறான். இன்னொரு கப்பல் அழியப்போகும் நேரத்தில் அங்கிருக்கும் ஹாரியை இந்தக் கப்பலுக்கு அனுப்பிவைக்கிறார்கள். ஆக, அதற்குப் பிறகு தொடர் முழுக்க வருவது அந்த இன்னொரு ஹாரி! கூட வேலை பார்த்தவர்கள் ஒரு ஹாரியின் சாவைப் பார்த்தவர்கள். இந்த ஹாரி தன் கப்பல் மொத்தமும் அழிந்ததைத் தாங்கியவன். யோசித்தால் தலை சுற்றும். எபிசோடின் கடைசியில், விசித்திரமாக இருக்கிறது என்று இரண்டு வரி பேசுகிறார்கள். அடுத்த வாரத்திலிருந்து பழைய குருடி கதவைத் திறடி.

ஜேன்வே கதை இன்னும் மோசம். ‘டூவிக்ஸ்’ (1996) எபிசோடில் டூவாக், நீலிக்ஸ் என்ற இருவரும் ஒரு விபத்தில் ஒன்றாகக் கலந்து புதிய ஒருவன் பிறக்கிறான். தன்னைக் கொன்றுவிடாதீர்கள் என்று அவன் கெஞ்சுகிறான். அவனைப் பிரிக்கமாட்டேன் என்று டாக்டரே மறுத்துவிடுகிறார். ஜேன்வே தன் கையாலேயே அதைச் செய்துவிட்டு இறுகிய முகத்தோடு வெளியே நடக்கிறார். கேட் மல்க்ரூ நடிப்பில் அந்தக் கடைசிச் சில நொடிகள் அப்படியே மனதில் நிற்கும். ரசிகர்களிடையே இன்றுவரை சண்டை ஓயாத எபிசோடு. ஆனால் தொடருக்குள் ஜேன்வே இதை நினைத்து ஒரு ராத்திரி தூங்காமல் இருந்ததாகக்கூட எங்கும் காட்டவில்லை.

ஜேன்வே எடுத்த முடிவு சரியா தப்பா என்பது வேறு விஷயம். ஒரு எபிசோடில் ஸ்டார்ஃப்ளீட் விதியை உயிரைவிடப் பெரிதாகப் பிடித்துக்கொள்வார், இன்னொன்றில் தூக்கி எறிவார். ‘ஈக்வினாக்ஸ்’ கதையில் (1999) வேறொரு கேப்டனைத் துரத்தும் வெறியில் தடுக்க வந்த சகோட்டேயைப் பதவியிலிருந்தே இறக்கிவிடுகிறார். எபிசோடு முடிவதற்குள் இருவரும் சமாதானமாகி விருந்து சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு போகிறார்கள். நெருக்கடியில் தடுமாறும் ஒரு பெண் என்று இதை அழகாகக் காட்டியிருக்கலாம். அதற்கு முந்தின வாரத்து ஜேன்வேயை இந்த வாரத்து ஜேன்வே நினைவு வைத்திருக்க வேண்டுமே!

‘இயர் ஆஃப் ஹெல்’ (1997) பார்த்தவர்களுக்குத்தான் அதிகக் கோபம் இருக்கும். இரண்டு பாகம். கப்பல் சின்னாபின்னமாகிறது, டூவாக்குக்குக் கண் போகிறது, ஜேன்வே உடம்பெல்லாம் காயத்தோடு கிட்டத்தட்டத் தனியாக நிற்கிறார். இதுதான் இந்தத் தொடர் முதலிலிருந்தே இருந்திருக்க வேண்டிய விதம். முடிவில் காலம் பின்னால் போய் எல்லாம் அழிந்துவிடுகிறது. பார்த்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் எதுவும் ஞாபகம் இல்லை.

ஏன் இப்படி? எழுதத் தெரியாதவர்கள் எழுதியதால் அல்ல. வாயேஜர், யூ.பி.என். என்ற புதுச் சேனலின் முதல் நிகழ்ச்சி. ஒரு வாரம் விட்டுப்போனவரும் அடுத்த வாரம் உட்கார்ந்து பார்க்கும்படி இருக்க வேண்டும், மறுஒளிபரப்பில் எந்த வரிசையில் போட்டாலும் ஓட வேண்டும். வியாபாரம் அப்படி. ஆனால் அதே நேரத்தில் ஓடிய ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் (1993-1999) நாக் என்று ஒரு பையன் வருகிறான். முதலில் சில்லறைத் திருட்டு செய்யும் பொடியன். கதைக் கணக்கில் ஹாரி படிப்பை முடித்துக் கப்பலேறிய பிறகுதான் இவன் அகாடமியிலேயே சேருகிறான். போரில் காலை இழக்கிறான், மனம் உடைந்து கற்பனை உலகத்தில் ஒளிந்துகொள்கிறான், மெல்ல மீண்டு வருகிறான். 1999-ல் தொடர் முடியும்போது லெப்டினென்ட் ஆகிவிட்டான். கதையின் மையத்தில் இல்லாத ஒரு பையனுக்கு இவ்வளவு செய்ய முடிந்திருக்கிறது. அந்தத் தொடரை எழுதியவர்களில் ஒருவரான ரொனால்ட் மூர், 1999-ல் வாயேஜருக்கு வந்து சில எபிசோடிலேயே வெளியேறிவிட்டார். நடந்த எதற்கும் இங்கே பின்விளைவே கிடையாது என்பதுதான் அவருடைய வருத்தம். பிறகு அவர் எடுத்த ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’வில் ஒவ்வொரு வாரமும் மிச்சம் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையைத் திரையில் போட்டார்கள்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். வாயேஜரிலும் இரண்டு பேர் வளர்ந்தார்கள். ஒருவர் ஹாலோகிராம் டாக்டர், இன்னொருவர் நாலாவது சீசனில் வந்த செவன் ஆஃப் நைன். (அவர் வந்ததும் கெஸ் கதாபாத்திரத்தைக் கறிவேப்பிலை மாதிரி எடுத்துப் போட்டார்கள். ஹாரியும் அப்போது போகவேண்டியவன், அந்த வருஷம் ஒரு பத்திரிகையின் அழகானவர்கள் பட்டியலில் காரெட் வாங் பெயர் வந்ததால் தப்பினான் என்று ஒரு பேச்சு உண்டு.) டாக்டர் ஒரு ப்ரோக்ராம், செவன் இயந்திரக் கூட்டத்திலிருந்து மீட்கப்பட்டவள். மனிதராக மாறுவதுதான் இருவருக்கும் கதையே. ஏற்கனவே மனிதராக இருந்தவர்களுக்குக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

இந்தத் தொடரின் மிகச் சிறந்த எபிசோடுகளில் ஒன்று ‘லேட்டன்ட் இமேஜ்’ (1999). ஒரே மாதிரி அடிபட்ட இரண்டு பேரில் ஒருவரைத்தான் டாக்டரால் காப்பாற்ற முடியும் என்ற நிலை. ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார், மற்றவள் இறந்துபோகிறாள். நண்பன் என்பதால்தான் அவனைத் தேர்ந்தெடுத்தேனா என்ற கேள்வியில் டாக்டரின் மூளையே சுழன்று நின்றுவிடுகிறது. ஜேன்வே அவர் நினைவிலிருந்து அந்தச் சம்பவத்தையே அழித்துவிடுகிறார். பின்னால் உண்மை தெரிந்ததும், என் ஞாபகத்தை எடுக்க நீங்கள் யார் என்று சண்டை போடுகிறார் டாக்டர். கடைசியில் ஜேன்வே இறங்கிவருகிறார். அவர் நினைவு அவரிடமே இருக்கட்டும், வலித்தாலும் பரவாயில்லை என்று.

அற்புதமான எபிசோடு. அந்தக் காப்பாற்றப்பட்ட நண்பன் யார் தெரியுமா? ஹாரி கிம்! தனக்குப் பதிலாக ஒரு பெண் செத்திருக்கிறாள் என்பது அவனை என்ன செய்தது? அடுத்த வாரமோ அதற்கடுத்த சீசனிலோ அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. டாக்டருக்குத் திருப்பிக் கொடுத்த ஞாபகத்தை இவனுக்கும் கொஞ்சம் கொடுத்திருக்கக் கூடாதா?

இத்தனைக்கும் ஹாரியை ஆரம்பத்தில் எவ்வளவு அழகாகச் செய்திருந்தார்கள்! முதல் எபிசோடில், கப்பல் கிளம்பும் முன் அவன் அம்மா ஜேன்வேயைக் கூப்பிட்டு, பையன் க்ளாரினெட்டை வீட்டிலேயே விட்டுவிட்டான், அனுப்பிவைக்க நேரம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். நேரமில்லை என்று சொல்லவேண்டியதாயிற்று. ஜேன்வே இதைச் சொல்லும் அந்த ஒரு காட்சியில் ஒரு முழுக் குடும்பமே தெரியும். வீட்டுக்குப் போகவேண்டும் என்ற ஏக்கம்தான் அவன். கடைசி எபிசோடில் அந்த ஹாரியே எழுந்து நின்று, போய்ச்சேருவதைவிடப் பயணம்தான் முக்கியம் என்று பிரசங்கம் செய்கிறான். ஏழு வருஷத்தில் அவன் இப்படி மாறியிருந்தால் நல்லதுதான். எப்போது மாறினான்? எந்த எபிசோடில்? சொன்னால் திரும்பப் பார்க்கலாம்.

ப்ரமோஷன் விஷயம் எழுதியவர்களுக்குத் தெரியாமலும் இல்லை. பதவி இறக்கப்பட்ட டாம் பாரிஸுக்கு 2000-ல் பழைய பதவி திரும்பக் கிடைக்கிறது. நாற்காலியில் ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறார்கள். தன் நாற்காலியில் பெட்டி எதுவும் இல்லையே என்று ஹாரி கேட்கிறான்! இதைப் பற்றித் தயாரிப்பாளரிடமே கேட்டபோது, யாராவது ஒருவர் என்சைனாக இருக்கத்தானே வேண்டும் என்று பதில் வந்ததாக காரெட் வாங் சொல்லியிருக்கிறார். கடைசி எபிசோடில் வரும் எதிர்காலத்தில் ஹாரி ஒரு கப்பலுக்கே கேப்டன். ஆனால் அந்த எதிர்காலத்தையும் அதே எபிசோடில் அழித்துவிட்டார்கள்.

2024-ல் வந்த ‘லோயர் டெக்ஸ்’ கார்ட்டூன் தொடரின் ஒரு எபிசோடில் வெவ்வேறு பிரபஞ்சங்களிலிருந்து ஒரு கூட்டம் ஹாரி கிம்களைப் பிடித்துவந்தார்கள். எல்லாரும் என்சைன். ஒரே ஒருவன் மட்டும் லெப்டினென்ட். அவன்தான் வில்லன். குரல் கொடுத்தது காரெட் வாங்கேதான்.