மண்ணொடு உறவு கொள்வோம்

மண் என்றால் அழுக்கு, அழுக்கு என்றால் நோய் என்னும் எண்ணம் இன்று கற்றோர் உள்ளத்திலும் வேரூன்றிவிட்டது. பொருநைக் கரையில் குருகூர் எனப் பழம்பெயர் பூண்ட ஆழ்வார்திருநகரியும் இதற்கு விலக்கன்று. உறங்காப்புளியைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றிக் காக்கும் இவ்வூரிலேயே வீட்டு முற்றங்கள் ஒவ்வொன்றாய்ச் சிமெண்டுக்குள் மறைந்து வருகின்றன.

நம் இளமையில் உம்மா வளர்த்த மருதாணிச் செடியடியே நமக்கு ஆடுகளம். மாலையில் நீர் தெளித்ததும் முற்றம் முழுதும் மண்வாசனை எழும். அவ்வாசனையைத் தருபவை மண்வாழ் நுண்ணுயிர்களே என்பதையும், அவ்வினத்தைச் சார்ந்த ஒன்றிலிருந்தே 1943இல் காசநோய் மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது என்பதையும் பின்னாளில் கற்று வியந்தோம்.

மண்ணுயிர்க்கும் மனித உடலுக்கும் உள்ள தொடர்புக்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. 1968இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசி பற்றிய பேராய்வு தொடங்கப்பெற்றது. பெரியோர்க்கு வரும் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை. காசக்கிருமியின் உறவினங்கள் அப்பகுதி மண்ணிலும் நீரிலும் வாழ்வதால், மக்களின் உடல் அவற்றோடு முன்னரே பழகியிருந்தது ஒரு காரணமாகலாம் என அறிஞர் கருதினர். ஊசிக்கு முன்பே மண் உடலுக்குப் பாடம் சொல்லியிருந்தது போலும்!

அண்மையில், 2020இல் வெளிவந்த பின்லாந்து ஆய்வொன்றும் ஈண்டு எண்ணத்தக்கது. மழலையர் காப்பகங்களின் வெறுமையான முற்றங்களில் காட்டு மண்ணையும் புல்தரையையும் பரப்பினர். இருபத்தெட்டே நாளில் குழந்தைகளின் தோலில் நுண்ணுயிர் வகைகள் பெருகின; எதனை எதிர்ப்பது, எதனைப் பொறுப்பது என உடலை நெறிப்படுத்தும் ஆற்றல் வலுப்பெற்றதற்கான அறிகுறிகளும் குருதியில் தென்பட்டன.

எனினும் எல்லா மண்ணும் நன்மண் அன்று. மலம் கலந்த மண்ணில் வெறுங்காலுடன் நடந்தால் கொக்கிப்புழு உட்புகும். ஆதலின் கழிப்பறையும் கைகழுவலும் இன்றியமையாதவை. அழுக்கை விலக்குவது வேறு. மண்ணையே விலக்குவது வேறு.

சென்ற ஆண்டு நம் இல்லத்து முற்றத்தையும் மூடிவிட வேண்டும் என இளையோர் விரும்பினர். நெடுநேரம் வாதிட்டபின், மருதாணிச் செடியைச் சுற்றிய பகுதியை மட்டும் மண்ணாகவே விட இசைந்தனர். இன்று பேரக்குழந்தைகள் ஓடி வந்து அமர்வது அங்கேதான்.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்கள் வீடு கட்டுவீர்கள். உங்களுள் சிலர் ஊராளும் பொறுப்பும் ஏற்பீர்கள். அப்போது ஒரு மரத்துக்கும் அதன் அடிமண்ணுக்கும் இடம் விடுங்கள். அதுவும் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லும் சொத்தேயாகும்.