தூண் வைக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

 

எங்கள் வீட்டு முன்பக்கத்தில் இரண்டு பெரிய தூண்கள் நிற்பது உங்களில் பலருக்குத் தெரியும். பார்த்தவர்கள் "மாஷா அல்லாஹ், நல்லா இருக்கு" என்று சொல்லியிருக்கிறீர்கள். இன்று அந்தத் தூண்களைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

வீடு கட்டத் தொடங்கியபோது போனில் ஒரு படத்தைப் பார்த்தோம். அதையே பாஸிடம் காட்டி "இதே மாதிரி வேணும்" என்றோம். லோன் காசில் பெரும்பகுதி தூணிலும் முன்பக்க ஸ்லெப்பிலும் கரைந்தது. குசினிக்கு வரும்போது கையில் ஒன்றுமில்லை. நான்கு வருடமாகக் குசினி தகரக் கொட்டில்தான். உம்மாவுக்கு முழங்கால் வருத்தம். வுழூ எடுக்க இரண்டு படி இறங்கி வெளியே உள்ள பைப்புக்குப் போகவேண்டும். சுபஹ் நேரத்து தலவாக்கலைக் குளிர் எப்படியென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒரு நாள் உம்மா சொன்னா: "தூண் வைக்க முந்தி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீக்கலாமே மகன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகம் சுட்டது. அந்த வார்த்தைக்குப் பிறகுதான் லாரி பேக்கரைப் பற்றித் தேடித் தேடி வாசித்தோம்.

பேக்கர் 1917 மார்ச் 2ஆம் திகதி இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்தவர். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், போரை ஏற்காதவர். கட்டடக்கலை படித்து முடித்தபின் இரண்டாம் உலகப் போர் வந்தது. துப்பாக்கி ஏந்தாமல் அம்புலன்ஸ் பிரிவோடு சீனாவுக்குப் போய் நோயாளிகளைப் பராமரித்தார். திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். அவர் காலில் கிடந்த, துணித் துண்டுகளால் செய்த சப்பாத்து காந்தியின் கண்ணில் பட்டதாம். ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருட்கள் அந்த இடத்தைச் சுற்றி ஐந்து மைல் தூரத்துக்குள்ளேயே கிடைக்கவேண்டும் என்று காந்தி சொன்னது அவர் மனதில் ஆயுள் முழுக்க நின்றது.

1945இல் தொழுநோயாளர்களுக்கான மருத்துவமனைகளைக் கட்டிக் கொடுக்க இந்தியா வந்தார். அங்கே கேரளாவைச் சேர்ந்த டாக்டர் எலிசபெத் ஜேக்கப்பைச் சந்தித்தார். திருமணத்துக்கு இரு வீட்டாரும் உடனே சம்மதிக்கவில்லை. பொறுத்திருந்து 1948இல் மணம் முடித்தார்கள். பிறகு இமயமலைப் பக்கம் பித்தோராகருக்குப் போனார்கள். டாக்டர் ஒருவர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு மலைச்சனங்கள் வரத்தொடங்க, அங்கேயே தங்கிவிட்டார்கள். ஏறக்குறைய 16 வருடம்!

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். படித்த கட்டடக்கலைஞர். நகரத்தில் இருந்தால் பெயரும் பணமும் வரும். ஆனால் மனைவிக்கு நோயாளிகள் இருக்கும் இடமே தன் இடம் என்று இருந்தார். மனைவி வைத்தியம் செய்ய, அவர் மருத்துவமனையும் பள்ளிக்கூடங்களும் கட்டினார். அந்த மலையின் சாதாரண மேசன்மார் கல்லையும் மண்ணையும் வைத்து எப்படிக் கட்டுகிறார்கள் என்று அவர்களிடமே படித்தார். கல்லூரியில் படித்ததில் பலது அங்கே உதவவில்லை என்று ஒப்புக்கொள்ள அவர் வெட்கப்படவில்லை.

1963இல் கேரளாவின் வாகமண்ணுக்கு வந்தார்கள். அதுவும் எங்களைப் போலத் தேயிலை மலை. அங்கும் மருத்துவமனை. பின்னர் திருவனந்தபுரம். உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தபோது வயது 50ஐத் தாண்டியிருந்தது. அபிவிருத்திக் கற்கைகள் நிலையத்தின் செங்கல் கட்டடங்கள், தம்பானூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சுருள் மாதிரி மேலே ஏறும் இந்தியன் கோப்பி ஹவுஸ் எல்லாம் அவர் கட்டியவை. ஆனாலும் ஏழைகளின் சின்ன வீடுகளுக்கும் அதே அக்கறையோடு வேலை செய்தார். பெரிய அலுவலகம் வைத்துக்கொள்ளவில்லை. பாவித்த கடதாசியின் பின்பக்கத்தில் பிளான் கீறுவார். காலையில் தானே சைட்டுக்குப் போய் மேசனோடு நின்று வேலையைப் பார்ப்பார்.

செலவைக் குறைக்க அவர் செய்த இரண்டைச் சொல்கிறோம். ஒன்று, எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் வரக் கட்டுவது. ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். நடுவில் உள்ள காற்று வெப்பத்தையும் தடுக்கும். மற்றது, கொங்கிறீட் ஸ்லெப்பின் கீழ்ப்பகுதியில் பழைய ஓடுகளை வைத்து வார்ப்பது. அந்த இடத்தில் கொங்கிறீட் பெரிதாக வேலை செய்வதில்லை. ஓடு வைத்தால் சிமெந்து மிச்சம், பாரமும் குறைவு. எங்கள் மார்க்கம் வீண்விரயம் என்று தடுக்கும் ஒன்றை, அவர் செங்கல் செங்கல்லாக எண்ணித் தவிர்த்திருக்கிறார்.

ஆனால் இதை வாசித்துவிட்டு பேக்கர் வீட்டின் படத்தை பாஸிடம் காட்ட வேண்டாம்! திருவனந்தபுரத்தில் அவர் சுவரில் ஓட்டை ஓட்டையாக விட்டுக் காற்று வரச் செய்தார். எங்கள் ஊரில் அப்படிக் கட்டினால் மிஸ்ட்தான் உள்ளே வந்து குடியிருக்கும். பித்தோராகரில் கல், திருவனந்தபுரத்தில் செங்கல் என்று அவரே இடத்துக்கு இடம் மாற்றினார். எல்லா இடத்திலும் மாறாமல் இருந்தது ஒன்றுதான்: யார் இந்த வீட்டில் இருக்கப் போகிறார்கள், அவர்கள் எப்படி வாழ்கிறார்கள், கையில் எவ்வளவு காசு இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் பென்சிலை எடுப்பார்.

எங்கள் மலையகத்தில் இந்தக் கேள்வியின் பெறுமதி எல்லோருக்கும் தெரியும். 10 அடிக்கு 12 அடி லயன் காம்பராவைக் கட்டியவர்கள் அதில் வாழப் போகிறவரிடம் எதையும் கேட்கவில்லை. பிள்ளை எங்கே படிக்கும், குமர்ப்பிள்ளை எங்கே உடுப்பு மாற்றும் என்று யோசிக்கவுமில்லை. வகுப்பில் "உங்கள் வீட்டை வரையுங்கள்" என்றால், லயத்திலிருந்து வரும் பிள்ளைகள்கூட ஓட்டுக் கூரை, இரண்டு ஜன்னல், பக்கத்தில் ஒரு தென்னை என்றுதான் வரைவார்கள். தலவாக்கலையில் ஏது தென்னை? இருக்கும் வீட்டை வரைய அந்தப் பிள்ளைகளுக்கு விருப்பமில்லை. இப்போது காணியோடு தனி வீடு என்று சிலருக்காவது வாய்ப்பு வருகிறது. யாரும் கேட்காத காலத்தில் கேட்க வழியில்லை. இன்று சொந்தமாகக் கட்டும் நாங்களே எங்கள் உம்மாவைக் கேட்காமல் விட்டது எவ்வளவு பெரிய பிழை.

பேக்கர் தன் குடும்பத்துக்குக் கட்டிய வீடும் ஒரே நாளில் எழும்பியதல்ல. நாலாஞ்சிறையில் பாறைச் சரிவில், மலையை வெட்டித் தட்டையாக்காமல், தேவை வர வர அறை அறையாகச் சேர்த்தார். மூன்று பிள்ளைகளும் டாக்டர் மனைவியும் அவருமாக வாழ்ந்த அந்த வீட்டுக்கு 'ஹேம்லெட்', அதாவது சிற்றூர் என்று பெயர். 1990இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2007 ஏப்ரல் 1ஆம் திகதி 90 வயதில் காலமானார். அவருடைய மறுபக்கத்தைப் பற்றி எலிசபெத் அம்மையாரே ஒரு புத்தகம் எழுதினார். 1985இல் அவரோடு சேர்ந்து தொடங்கப்பட்ட கோஸ்ட்போர்ட் நிறுவனம் இன்றும் அவர் வழியில் கட்டிக்கொண்டிருக்கிறது.

போன லீவில் நாங்கள் ஒரு வேலை செய்தோம். அந்த இரண்டு தூண்களுக்கும் நடுவில், ஒரு பக்கமாகச் சுவர் எழுப்பி, வீட்டுத் தரையோடு சமமாக ஒரு பைப்பும் உட்கார ஒரு திண்ணையும் வைத்தோம். எங்கே பைப், எவ்வளவு உயரம் என்று உம்மாவே உட்கார்ந்து பார்த்துக் காட்டினா. படி இறங்காமல் வுழூ எடுக்கிறா, அல்ஹம்துலில்லாஹ். முகப்பின் அழகு போய்விட்டது என்று ஓரிருவர் சொன்னார்கள். பரவாயில்லை. குசினிதான் இன்னும் பாக்கி. அதன் பிளானை இந்த முறை கொப்பியின் பின்பக்கத்தில் நாங்களும் உம்மாவும் சேர்ந்து கீறி வைத்திருக்கிறோம். கையில் காசு சேர்ந்ததும் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.

இந்த வருடம் அத்திவாரம் போட இருப்பவர்களே, பாஸைக் கூப்பிட முந்தி ஒரு இரவு வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள். வயதானவரையும் சமைப்பவரையும் படிக்கிற பிள்ளையையும் கேளுங்கள். தூணைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.