சக்கரம் தொட்ட பிறகு

பிள்ளையை பைலட் படிப்பில் சேர்த்திருக்கும் டெல்லி, மும்பை, புனே வாழ் நம்மவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "சார், எப்ப தனியா ஓட்டுவான்?" லட்சக்கணக்கில் கட்டியிருக்கிறார்கள், கேட்கத்தான் செய்வார்கள். வடக்கே வந்து விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுத்தே பாதித் தலை நரைத்த ஆள் நான் (மீதிப் பாதி உதிர்ந்துவிட்டது). என்னைக் கேட்டால், "இறங்கின பிறகு ரன்வேயில் நேரா ஓடுறானா?" என்று கேளுங்கள் என்பேன்.

செஸ்னா 152, 172 மாதிரி சின்ன விமானங்களை மேலே கிளப்புவது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. சக்கரம் தரையைத் தொட்டதும் "அப்பாடா" என்று பையன் ஒரு மூச்சு விடுவான் பாருங்கள், கூடவே காலும் ஓய்ந்துவிடும். வினையே அங்கேதான். தரையில் விமானத்தை நேராக வைத்திருப்பது கை இல்லை, ரடர் பெடலில் இருக்கும் கால். பக்கக் காற்று அடித்தால் நிமிர்ந்து நிற்கும் வால் பாய்மரம் போலத் தள்ளப்பட்டு, மூக்கு காற்று வரும் பக்கமே திரும்பும். வேகம் குறையக் குறைய ரடரின் பிடிப்பும் குறையும். ஆக, இறங்கின பிறகு காலுக்கு வேலை கூடத்தான் செய்யும்.

பைக்கும் காரும் ஓட்டிப் பழகின உடம்புக்கு இது புரிந்தால்தானே! மூக்கு இடப்பக்கம் போனால் கை தானாக வலப்பக்கம் திருப்பும். அது ஸ்டியரிங் இல்லை சாமி, இறக்கை ஓரத்து எய்லரானை அசைக்கிற சமாச்சாரம். வலப்பக்கம் திருப்பினால் இடது எய்லரான் கீழே இறங்கும், அந்தப் பக்கம் காற்றின் இழுவை கூடும், மூக்கு இன்னும் இடப்பக்கம் போகும். காற்றும் இடப்பக்கமிருந்து வந்தால் கேட்கவே வேண்டாம், அந்த இறக்கையைத் தூக்கிவிடும்.

2022 மே மாதம். டெல்லித் தமிழ்ப் பையன் ஒருவன், தனியாக மூன்றாவது சுற்று. நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். தொட்டான். மூக்கு இடப்பக்கம் நழுவியது. எய்லரான் அசைந்ததிலேயே கை எங்கே போயிற்று என்று தெரிந்துவிட்டது. அடுத்து பதறிப்போய் முழு த்ராட்டில். செஸ்னாவில் முழுச் சக்தி கொடுத்தால் மூக்கு இடப்பக்கம்தான் இழுக்கும், வலது காலை அழுத்தியே ஆக வேண்டும். அழுத்தவில்லை. நல்லவேளை, சட்டென்று த்ராட்டிலை மூடினான். விமானம் புல்லில் இறங்கி நின்றது. யாருக்கும் அடியில்லை.

மாலையில் சொன்னான்: "இறங்கும்போதே சரியில்லைன்னு தெரிஞ்சுது சார். இறங்காம இன்னொரு சுத்து போனா பயந்துட்டான்னு நெனப்பீங்கன்னு..." கோ அரவுண்ட் என்று இதற்குப் பெயரே இருக்கிறது, ஏர்லைன் கேப்டன்களும் செய்கிறார்கள். இவனுக்கோ அது அரியர் வைத்த மாதிரி!

அன்றிரவு அப்பா போன். "இறங்கக்கூடத் தெரியலையா சார் அவனுக்கு?" எனக்குச் சுருக்கென்றது. "தொடறதுக்கு முன்னாடியே மேல போயிருந்தா நான் தோள்ல தட்டியிருப்பேன் சார். நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

சோலோவை நிறுத்திவிட்டு மறுபடி அவனோடு உட்கார்ந்தேன். ரன்வேக்குச் சில அடி உயரத்தில், தொடாமல், கடைசிவரை விமானத்தை நான் பிடித்துக்கொள்வேன். நடுக்கோட்டில் மூக்கை நேராக வைப்பது மட்டும் அவன் காலின் வேலை. நாலு நாள் இதேதான். ஐந்தாம் நாள் தனியாக அனுப்பினேன். இரண்டு தடவை இறங்காமல் மேலே போனான், மூன்றாவதில் கோட்டின் மேலேயே ஓடி நின்றான்.

அந்த இரண்டு தடவையையும் அப்பாவிடம் அவனே சொல்லிவிட்டானாம்.