எதிர்ப்பின் குறியீடு: நடுநாட்டு நாவல்கள் கற்பிக்கும் தொழில்

நாவலில் அதிகாரத்தை எதிர்த்து நிற்பவர் கையில் பெரும்பாலும் ஆயுதம் இருப்பதில்லை. சிலம்பு, அழுக்குத்துணி மூட்டை, தோள்துண்டு என்று அன்றாடம் புழங்கும் பொருள்தான் இருக்கும். அந்தப் பொருள் தன் வழக்கமான வேலையிலிருந்து ஒருநாள் விலகும்போது அதுவே எதிர்ப்பின் குறியீடாகிறது. எந்தப் பொருளைத் தேர்வது, கதையில் எத்தனை முறை அதைக் கொண்டுவருவது, எந்த இடத்தில் அதைத் திருப்புவது, எப்போது வாயை மூடிக்கொள்வது என்ற நான்கும் நாவலாசிரியரின் தொழில் சார்ந்த கேள்விகள். வேப்பூரையும் விருத்தாசலத்தையும் சுற்றியுள்ள நடுநாட்டு மண்ணிலிருந்து வந்த நாவல்களில் இக்கேள்விகளுக்குத் தெளிவான விடைகள் இருக்கின்றன.

இந்தத் தொழிலுக்குத் தமிழில் முதல் இலக்கணம் சிலப்பதிகாரம். கண்ணகி பாண்டியன் அவையில் உடைக்கும் சிலம்பு அந்தக் காட்சிக்கென்று செய்துவைத்த பொருளன்று. முதலில் அது மணவாழ்வின் அணி. கோவலன் பிரிந்த காலத்தில் அவள் காலில் பூணாத அணி. அவன் வெறுங்கையோடு திரும்பியபோது மதுரையில் தொழில் தொடங்க முதல். பொற்கொல்லனிடம் விலைப்பொருள். கடைசியில் அரசன் முன் சான்று. அரசியின் சிலம்பில் முத்து, இவள் சிலம்பில் மாணிக்கம் என்ற ஒரே வேறுபாடு தீர்ப்பைப் புரட்டுகிறது. அணிகலனாகவும் முதலாகவும் பண்டமாகவும் கதைக்குள் முன்பே உழைத்திருப்பதால்தான் உடையும்போது சிலம்பு இத்தனை சுமையைத் தாங்குகிறது. கண்ணகி அவைக்குள் வந்த பிறகுதான் வாசகர் அதை முதன்முதலாகப் பார்த்திருந்தால், உடைந்தது வெறும் நகையாக நின்றிருக்கும்.

நாவலில் குறியீட்டைத் தேடுவதற்கு முன் அதிகாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கண்டறிய வேண்டும். நடுநாட்டுக் கதைகளில் அரசனோ அவையோ இல்லை. ஊர்க்கூட்டம், சாதி வழக்கம், கோயில் நேர்த்திக்கடன், களத்துமேட்டுப் படி, நிலத்தைக் கேட்கும் அரசு நிறுவனம் ஆகியவையே இங்கே அதிகாரத்தின் உருவங்கள். இந்த அதிகாரம் கட்டளையாக அபூர்வமாகத்தான் வருகிறது. ‘எப்பவும் இப்படித்தானே’ என்ற பேச்சாகவே வருகிறது. ஆகவே அதற்கான எதிர்ப்பும் முழக்கமாக வருவதில்லை. வழக்கமாகச் செய்யும் ஒரு வேலையைச் செய்யாமல் விடுவதாக, வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து நகர்வதாக வருகிறது. இதை நுட்பமாக எழுதிக்காட்டியவர்கள் இருவர். ஒருவர் வேப்பூரை அடுத்த கழுதூரைச் சேர்ந்த இமையம். மற்றவர் விருத்தாசலம் அருகே மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன். முன்னவர் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். பின்னவர் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் தொழிலாளியாக இருந்துகொண்டே எழுதியவர்.

இமையத்தின் முதல் நாவலான ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வெளிவந்தது. தலித் குடியிருப்புக்குத் துணி வெளுக்கும் குடும்பத்தின் கதை அது. ஆரோக்கியமும் அவள் கணவன் சவுரியும் ஊரின் பிறப்புக்கும் சாவுக்கும் நிற்கிறார்கள், அழுக்கு எடுக்கிறார்கள், வெள்ளாவி வைக்கிறார்கள், இரவில் வீடுவீடாகச் சோறு வாங்குகிறார்கள், அறுவடைக் களத்தில் தங்கள் பங்குக்குக் காத்து நிற்கிறார்கள். இங்கே அதிகாரம் மேலே எங்கோ இருப்பதில்லை. ஒடுக்கப்பட்ட மக்களின் தெருவிலேயே, அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்ட ஒரு குடும்பத்தின் மீது அது இயங்குகிறது. இந்த நிலைப்பாட்டால் நாவல் வெளிவந்த காலத்தில் கடுமையான விவாதம் எழுந்தது.

துணி மூட்டையும் ராச்சோறும் இந்த நாவல் முழுக்கத் திரும்பத் திரும்ப வருகின்றன. தொடக்கத்தில் அவை குடும்பத்தின் பிழைப்பு. ஊரோடு உள்ள உறவின் அடையாளமும் அவையே. ஆரோக்கியத்துக்கு அதில் ஒரு பெருமிதமும் உண்டு. பிறகு காலம் மாறுகிறது. தையல் இயந்திரம் வருகிறது, சலவைக் கடை வருகிறது, ஆட்கள் தங்கள் துணியைத் தாங்களே துவைக்கத் தொடங்குகிறார்கள், களத்தில் கிடைக்கும் தானியம் குறைகிறது. மூத்த மகன் ஜோசப் மனைவியோடு ஊரை விட்டுப் போகிறான். வெளுக்கும் துறையில் நின்று யாரையும் எதிர்த்து அவன் முழங்குவதில்லை. மூட்டையைத் தூக்க அவன் இல்லை, அவ்வளவுதான். தாய்க்கு அது துரோகம்போல வலிக்கிறது. வாசகருக்கு விடுதலைபோலவும் தெரிகிறது. ஒரே செயல் இரண்டு பேருக்கு இரண்டு பொருள் தருவதே நல்ல குறியீட்டுக்கு அடையாளம். ஆரோக்கியத்தின் ஏக்கத்தை ஆசிரியர் தவறென்று திருத்தப் போயிருந்தால் நாவல் பிரசாரமாகியிருக்கும். அவர் அந்த ஏக்கத்தையும் அதன் முழு கனத்தோடு எழுதியதால் ஜோசப்பின் விலகலுக்கு உண்மை கூடுகிறது.

2006இல் வந்த இமையத்தின் ‘செடல்’ உடலையே குறியீடாக்கும் நாவல். மழை வேண்டி ஓர் ஊர் தன் சிறுமி ஒருத்தியைச் செல்லியம்மனுக்குப் பொட்டுக் கட்டி விடுகிறது. இந்த வழக்கத்தைத் தடைசெய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலேயே வந்துவிட்டது. ஆனால் சட்டம் ஓரிடத்திலும் வழக்கம் வேறிடத்திலும் இருந்த நெடுங்காலம்தான் நாவலின் களம். கழுத்தில் ஏறிய பொட்டு அவளை ஊருக்குரியவளாக்குகிறது. பின்னர் கூத்துக் குழுவோடு சேர்ந்து அவள் முகத்தில் பூசும் அரிதாரமோ அவளுடைய உழைப்புக்குரியது. இரண்டும் ஒரே உடலின் மேல் ஏறிய அடையாளங்கள். ஒன்று பிறர் இட்டது, மற்றொன்று அவளே இட்டுக்கொண்டது. பொட்டை அறுத்தெறியும் காட்சி எழுதுவது எவருக்கும் எளிது, கைதட்டலும் கிடைக்கும். அதை நாடாமல், பொட்டு இருக்கும் உடலிலேயே இன்னொரு வாழ்வை அவள் கட்டிக்கொள்வதாக எழுதுவதற்கு அந்த வாழ்வை அறிந்த கை வேண்டும்.

அவருடைய ‘பெத்தவன்’ என்ற நெடுங்கதையில் (2012) அதிகாரம் நேரடியாகப் பேசுகிறது. தலித் இளைஞனை விரும்பும் பாக்கியத்தைக் கொன்றுவிடும்படி அவளுடைய தகப்பன் பழனிக்கு ஊர் கட்டளையிடுகிறது. பழனி ஊர் முன்னால் தலையாட்டுகிறான். இரவில் மகளைப் பணத்தோடும் நகையோடும் வழியனுப்பிவிட்டு, விஷத்தைத் தானே குடிக்கிறான். இந்தக் கதையின் முழு ஆற்றலும் அந்த விஷத்தில் இருக்கிறது. ஊர் தன் தீர்ப்பை நிறைவேற்ற அவன் கையில் ஒப்படைத்த சாவு அது. அவன் அதை மறுக்கவில்லை; திசையை மட்டும் மாற்றுகிறான். கட்டளைக்குப் பணிவதுபோன்ற தோற்றமே கட்டளையை உடைக்கும் கருவியாகிறது. விருத்தாசலம் அருகே 2003இல் சாதி மாறி மணந்த இருவர் விஷம் கொடுத்துக் கொல்லப்பட்டதையும், அந்த வழக்கில் 2021இல்தான் கடலூர் நீதிமன்றம் தண்டனை வழங்கியதையும் அறிந்த வாசகருக்கு, இந்த மண்ணில் விஷம் என்பது அலங்காரச் சொல்லன்று என்பது தெரியும். கதை வெளிவந்த அதே ஆண்டு நவம்பரில், சாதி மறுப்புத் திருமணம் ஒன்றைத் தொடர்ந்து தர்மபுரியில் தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. குறியீடு வலுவடைவது இப்படிப்பட்ட மண்ணில் வேர்விட்டிருக்கும்போதுதான்.

எதிர்ப்பு வென்றே தீரும் என்று காட்டுவது நாவலின் கடமையன்று. 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற இமையத்தின் ‘செல்லாத பணம்’ இதற்குச் சான்று. பொறியியல் படித்த ரேவதி, தலைமையாசிரியரான தந்தையின் விருப்பத்தை மீறி ஆட்டோ ஓட்டும் ரவியை மணக்கிறாள். தந்தையின் அதிகாரத்திலிருந்து மீண்டவள் கணவனின் அதிகாரத்துக்குள் போய்விடுகிறாள். தீக்காயத்தோடு அவள் கிடக்கும் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் தந்தையிடம் பணம் இருக்கிறது, அதற்கு அங்கே வேலையில்லை. மகளை வளர்க்கவும் படிக்கவைக்கவும் கட்டுப்படுத்தவும் முடிந்த பணம் மகளை மீட்க முடியாத இடத்தில் வெறும் காகிதமாகிறது. எதிர்த்தவள் தோற்கிறாள், அதிகாரமும் தோற்கிறது. இரண்டு தோல்விகளையும் ஒரே பொருளால் சொல்ல முடிந்ததுதான் அந்தத் தலைப்பின் பெருமை.

அரசே அதிகாரமாக நிற்கும் கதைக்குக் கண்மணி குணசேகரனின் ‘வந்தாரங்குடி’ எடுத்துக்காட்டு. 1956இல் தொடங்கப்பட்ட நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் சுரங்கத்துக்காக நிலத்தையும் ஊரையும் விட்டு வெளியேறிய மக்களின் வாழ்வு அதில் இருக்கிறது. இழப்பீடு பணத்தில் கணக்கிடப்படும். வீடும் கிணறும் கொல்லையும் குலசாமியும் அந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. ஆகவே இவ்வகை நாவலில் அவற்றை விரித்து எழுதுவதே எதிர்ப்பாகிறது. நிறுவனத்தின் பதிவேட்டில் ஒரு வரியாக இருக்கும் மரத்தை யார் நட்டது, எந்தக் கோடையில் தண்ணீர் ஊற்றியது, எந்தக் கல்யாணத்துக்கு அதன் காயை விற்றது என்று எழுதும்போது பதிவேட்டுக்கு எதிரான இன்னொரு பதிவேடு உருவாகிறது. நடுநாட்டுப் பேச்சுச் சொற்களைத் திரட்டி அகராதியாகவும் வெளியிட்டவர் என்பதால், கண்மணி குணசேகரனின் நாவல்களில் மண்ணின் மொழியும் இந்தப் பதிவேட்டின் பகுதியே.

உலக நாவல்களிலும் இதே தொழில் விதி செயல்படுகிறது. ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலில் (1949) வின்ஸ்டன் ஒரு பழைய கடையில் நாட்குறிப்பேட்டையும் காகிதங்களின் மேல் வைக்கும் கண்ணாடி எடையையும் வாங்குகிறான். குடிமக்களை எப்போதும் கண்காணிக்கும் அந்த நாட்டில் பயனற்ற அழகை வைத்துக்கொள்வதே எதிர்ப்பு. கடைக்காரர் அரசின் காவலர் என்று பின்னால் தெரிகிறது. கைதின்போது கண்ணாடி நொறுக்கப்படுகிறது. கென் கீசியின் ‘ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்’ நாவலில் (1962) மனநல மருத்துவமனையின் கனத்த கட்டுப்பாட்டுப் பலகையை நோயாளியான மெக்மர்ஃபி தூக்க முயன்று தோற்கிறான். கடைசியில் அதே பலகையைச் சக நோயாளி ப்ராம்டன் தூக்கிச் சன்னலை உடைத்து வெளியேறுகிறான். முதல் முயற்சியின் தோல்வி நடு நாவலில் எழுதப்படாமல் இருந்திருந்தால் கடைசிக் காட்சி சாகசமாக மட்டும் நின்றிருக்கும். தோல்வியே அந்தப் பொருளுக்கு எடை ஏற்றுகிறது.

இந்த நாவல்களிலிருந்து எழுதுபவருக்குக் கிடைக்கும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். வேப்பூரில் வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டுச் சந்தை கூடுகிறது. கால்நடைச் சந்தைகளில் தரகர் துண்டால் கையை மூடி, விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கம் உண்டு. சுற்றி நிற்பவருக்கு விலை தெரியாது. அந்த மறைவில்தான் தரகரின் அதிகாரம் இருக்கிறது. ஆடு வளர்க்கும் ஒரு பெண்ணை நாவலில் வைத்தால், முதல் அத்தியாயத்தில் அவள் கணவன் துண்டுக்குள் கைவிட்டு விலை பேச, அவள் கயிற்றைப் பிடித்தபடி விலகி நிற்கலாம். நடுவில் கணவன் இறந்துபோக, அவளே சந்தைக்கு வந்து, துண்டுக்குள் கைவிடக் கூசி, தரகர் சொன்ன விலைக்குத் தலையாட்டித் திரும்பலாம். மூன்றாம் முறை தரகர் துண்டை விரிக்கும்போது, “மறைவெல்லாம் வேணாங்க, வாயால சொல்லுங்க” என்று அவள் சொன்னால் போதும். சுற்றியுள்ளவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். துண்டு தரகர் கையில் சும்மா தொங்கும். ‘அன்று முதல் அவள் அடிமையில்லை’ என்று ஆசிரியர் ஒரு வரி சேர்த்தால் மூன்று காட்சிகளின் உழைப்பும் அந்த வரியில் வீணாகும்.

இந்த எடுத்துக்காட்டில் நான்கு படிகள் இருக்கின்றன. பொருள் அந்த ஊரின் தொழிலிலிருந்து வந்தது. அது முதலில் தன் சாதாரண வேலையைச் செய்தது. எதிர்ப்பவர் ஒருமுறை தோற்றார். திருப்பம் வந்தபோது ஆசிரியர் விளக்கவில்லை. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் ஈரம் காயாத பாண்டத்தைச் சூளையில் ஏற்றினால் விரிசல் விடும். கதைக்குள் காயாத பொருளைக் குறியீடாக ஏற்றினாலும் அதுவே நேரும்.

பேச்சும் இதே வேலையைச் செய்யும். ‘சாமி’ என்று அழைத்துவந்தவர் ஒருநாள் ‘அண்ணே’ என்று அழைத்தால், அதைக் கேட்கும் ஊருக்கு அது கல்லெறிக்குச் சமம். ஆனால் அந்த மாற்றம் கேட்கவேண்டுமானால் அதற்கு முன் நூறு பக்கங்களில் ‘சாமி’ ஒலித்திருக்க வேண்டும். தொடக்கத்திலேயே எல்லாரையும் பொதுத்தமிழில் பேசவைத்துவிட்டால் எதிர்ப்பைக் காட்ட இந்த வாயில் அடைபட்டுவிடும்.

தவிர்க்க வேண்டியவையும் சில உண்டு. உதயசூரியன், செங்கொடி, அறுந்த சங்கிலி, சிறகு விரிக்கும் பறவை ஆகியவற்றை மேடையும் சுவரொட்டியும் ஏற்கெனவே பயன்படுத்தித் தேய்த்துவிட்டன. நாவலுக்குள் அவை புதிதாக எதையும் சொல்லா. அதிகாரத்தின் பக்கம் நிற்பவரைக் கொடியவராக மட்டும் வரைவதும் குறியீட்டைப் பலவீனமாக்கும். தரகருக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு, ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்தவனுக்கும் பயம் உண்டு என்று எழுதும்போதுதான் எதிர்ப்பவர் எதை மீறுகிறார் என்பதன் அளவு தெரியும். எதிர்ப்புக்கான விலையை மறைப்பது எல்லாவற்றிலும் பெரிய பிழை. பழனி உயிரைக் கொடுக்கிறான், ஜோசப் தாயை இழக்கிறான், ரேவதி எல்லாவற்றையும் இழக்கிறாள். விலை எழுதப்படாத எதிர்ப்பு வாசகரை ஒரு கணம் குஷிப்படுத்தும், ஆனால் அவர் தன் ஊரின் வழக்கத்தை வேறு கண்ணால் பார்க்க உதவாது. அந்தப் பார்வையைத் தருவதற்காகவே நாவல் இவ்வளவு பக்கம் எடுத்துக்கொள்கிறது.