மூலிகைதானே!

'மூலிகைதானேங்க, என்ன பண்ணிடப் போகுது?' வீட்டில் ஒரு பெண் முழுகாமல் இருந்தால் இந்த வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சொல்லியும் இருப்பீர்கள்.

டென்ஷன் குறைய, தூக்கம் வர என்று கடைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்களே அஸ்வகந்தா, அது நம்மூர் அமுக்கரா கிழங்குதான். மாசமாக இருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய சரக்கு. கரு கலையலாம் என்ற சந்தேகமும் சேர்ந்துதான் 2023-ல் டென்மார்க்கில் அதற்குத் தடையே போட்டார்கள்.

வேரோடு விஷயம் முடிந்தால்கூடப் பரவாயில்லை. 2011, 2012-ல் நியூயார்க்கில் ஆறு கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் எகிறிக் கிடந்தது. எங்கிருந்து என்று தேடினால், இந்தியாவில் தயாரான ஆயுர்வேத மருந்துகள்! தாயின் ரத்தத்தில் இருக்கும் ஈயம், நஞ்சு வழியாகக் குழந்தைக்கும் போய்விடும்.

இதற்காகச் சீரகத் தண்ணியைக் கொட்டிவிடாதீர்கள். ரசத்தில் போடும் அளவு வேறு, சாறெடுத்துக் கெட்டியாக்கி அடைத்த கேப்ஸ்யூல் வேறு. செக்கப்புக்குப் போகும்போது டப்பாவையும் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள். இதைக்கூடவா காட்டுவது என்று கூச்சப்பட வேண்டாம்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் ஆறாம் மாதத்தில் இருக்கும் ஒரு பெண், அப்படியொரு டப்பாவோடு யோசனை கேட்க வந்தாள். "ஏம்மா தூக்கம் வரலை?" என்றேன். ராத்திரி பதினொரு மணிக்கு ஆபீஸ் போன். தினமும் "பையன்தானே?" என்று கேட்கும் மாமியார். போனை இப்போது ஒன்பதுக்கே அணைத்துவிடுகிறாள். மாமியாரிடம் பேச வேண்டியவர் அவள் கணவர். இன்னும் பேசவில்லை.